நிபந்தனைகள் கூடிப்போன இடத்தில்

வாசுகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆராய்ச்சியை இத்தோடு நிறுத்திக்கொண்டு சித்திரைக்குள் ஊருக்கு வந்துவிடுவதாகவும், மாமா பார்த்திருக்கும் பொம்மையார்பாளையத்து இடத்துக்குச் சம்மதம் என்றும் எழுதியிருக்கிறாய். நான் அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாருக்கும் எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் கணிதம் நடத்திய காலத்தில்கூட, மாணவன் விடையைத் தப்பாகப் போட்டால் ‘இதை இன்னொரு தரம் பார்க்கலாமா’ என்றுதான் கேட்பேன். மேலே இருக்கும் வாக்கியத்தை எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை.

நீ உன் காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறாய். உன் கணினி நிரல் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே திணறி நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போகவில்லை என்கிறாய். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், நான் இங்கே இத்தாலியில் உட்கார்ந்து இல்லாத காந்தங்களைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன் என்கிறாய். எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை நாள் மறுப்பது என்கிறாய். எல்லாம் நியாயமாகவே தோன்றுகிறது. நியாயமாகத் தோன்றுவதை எதிர்த்துப் பேச எனக்குப் பழக்கமில்லை. அதனால் போன வருடம் நம் உப்பளத்தில் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும், பாதியை நீதான் செய்தாய். ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனால்தான் எனக்கு யோசனை ஓடும்.

சீட்டுப் போடும் வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நம் சங்கத்து உப்பளம் வரப்புகளால் பல அளங்களாகப் பிரிந்திருக்கிறது. நல்ல மண் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம். நல்லது ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதால் தை பிறந்ததும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று அளங்களில் சில பாத்திகள் கொடுப்போம். அந்த மூன்றும் எங்கெங்கோ கிடக்கும். கால்வாயில் எல்லா அளங்களுக்கும் ஒரே நேரத்தில் உப்புநீர் விட முடியாது. பாதி அளங்களுக்கு முன்முறை, பாதிக்குப் பின்முறை. முன்முறை அளங்களில் வாரத்தின் முதல் பாதியில் உப்பு வாருவார்கள், மற்றவற்றில் அடுத்த பாதியில். ஒரு குடும்பத்தின் மூன்று அளமும் ஒரே முறையில் விழுந்துவிட்டால் அவர்கள் பாடு தீர்ந்தது. பாதி வாரம் வாரி முடியாமல் உப்பு பாத்தியிலேயே இறுகிப் போகும். மீதிப் பாதி வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே ஒரு நிபந்தனை: மூன்றும் ஒரே முறையில் வரக் கூடாது. எந்த அளத்துக்கு எந்த முறை என்று எழுதிக் கொடுப்பது, நான் ஓய்வு பெற்ற நாள் முதல் என் வேலை. ஒரு மாலைப் பொழுது, ஒரு பென்சில், ஒரு ரப்பர் போதும். ஒவ்வொரு தையிலும் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அது என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடல் வந்தபோது கிழக்குப் பக்கத்து அளங்கள் எல்லாம் மணல் மூடிப் போயின. குடும்பங்கள் அப்படியே இருந்தன. இருக்கும் அளங்களுக்குள் எல்லாரையும் போட்டுச் சீட்டுக் குலுக்கினோம். நான் வழக்கம்போல மாலையில் உட்கார்ந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு குடும்பத்துக்காக ஓர் அளத்தை மாற்றினால் அதே அளத்தில் இருக்கும் வேறொரு குடும்பத்துக்கு மூன்றும் ஒன்றாகிவிடும். அதைச் சரி செய்தால் இன்னொன்று. நானும் முறையாகத்தான் செய்தேன். ஒரு நேரத்தில் ஓர் அளத்தை மட்டும் மாற்றுவேன். குறையுள்ள குடும்பங்கள் குறைந்தால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்வேன், கூடினால் பழையபடி ஆக்கிவிடுவேன். இப்படியே போய் ஐந்தாறு குடும்பங்களில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. நான் செய்த மடத்தனம் என்னவென்றால், அந்த ஐந்தாறு பேர் யாராக இருக்கலாம் என்பதை யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்தேன். சத்தம் போட்டவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அது ஊருக்குத் தெரிந்ததும் எல்லாரும் சத்தம் போட்டார்கள்.

தனக்கோடியை உனக்குத் தெரியும். வாரும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வேலியோரம் போகும்போதெல்லாம் உன் அம்மாவை ஏதாவது வம்புக்கு இழுக்காமல் போகமாட்டாள். அவள் ஒரு காலை என்னை நேராகப் பிடித்தாள்.

“ஏன் சார், எங்க மூணும் ஒரே முறையில வருது. எனக்கு என்ன ஆறு கையா இருக்குது? போன வாரம் சரியாத்தான இருந்துச்சு, யாரு வந்து அழுதாங்கன்னு மாத்தினீங்க?”

‘பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். சங்கத்தில் அதற்குள் இரண்டு கோஷ்டி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் குத்தகைக்காரர் வந்தார். மொத்த உப்பளத்தையும் தாமே எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் கூலி கொடுப்பதாகச் சொல்லிப் பல வருடமாகச் சுற்றுபவர். சண்டையைக் கூட்டி விடவும் இல்லை, தணிக்கவும் இல்லை. அமைதியாக என்னிடம் வந்து, “நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க சார், இவங்களுக்குள்ள என்னிக்காவது ஒத்துப்போவுமா?” என்று கேட்டார். என் மனதுக்குள் ‘போகாது’ என்றுதான் பதில் வந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது நான் புலம்பினேன். நீ பாதியில் நிறுத்தி, சீட்டில் வந்ததை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னாய். அதில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன்.

“என்னோட ப்ராப்ளமே அதாம்பா. நான் இங்க செய்யறது அத மட்டுந்தான்.”

நீ என்ன படிக்கிறாய் என்று உண்மையில் அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன் நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். ஓர் உலோகத்துக்குள் எண்ணற்ற சின்னக் காந்தங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மேலே பார்க்கலாம் அல்லது கீழே பார்க்கலாம், ஒன்றை ஒன்று முன்னுக்குப் பின் முரணாக இழுக்கின்றன, எல்லா இழுப்புக்கும் ஒத்துப்போகும் நிலை ஒன்று இருக்குமா என்பதே தெரியாது என்பாய். அந்த உலோகத்துக்காக இயற்பியல்காரர்கள் கண்டுபிடித்த கணக்கைக் கொண்டு, தாறுமாறாக விழுந்த நிபந்தனைகள் எத்தனை இருந்தால் தீர்வு கிடைக்கும், எத்தனைக்கு மேல் கிடைக்காது என்று பார்க்கிறோம் என்பாய். நான் தலையாட்டுவேன். காந்தத்துக்குப் பதில் அளம், மேல் கீழுக்குப் பதில் முன்முறை பின்முறை, இழுப்புக்குப் பதில் தனக்கோடி என்று போட்டுக்கொண்டதும் விளங்கிவிட்டது. ஆனாலும் கணித வாத்தியார் இல்லையா, உடனே ஒரு சந்தேகம் கேட்டேன். அப்படி ஓர் எல்லை இருப்பதற்கு நிரூபணம் எங்கே என்று.

“அது பின்னாடி வரும்பா. உங்களுக்கு இப்ப தண்ணி தொறக்கணுமா வேணாமா?”

அடுத்த வாரம் நீ பதில் சொன்னாய். வழி இல்லை என்றாய். நான் சரியாகத் தேடவில்லையோ என்று கேட்டேன். “நீங்க மட்டும் இல்லப்பா, யாரு தேடினாலும் கிடைக்காது. இருந்தாத்தான கிடைக்கும்” என்றாய். பிறகு பொறுமையாக விளக்கினாய். குடும்பங்களின் எண்ணிக்கையை அளங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண்தான் எல்லாம். அது இரண்டுக்குச் சற்று மேலே ஓரிடம் வரைக்கும் சீட்டு எப்படி விழுந்தாலும் அநேகமாக ஒரு வழி இருக்கும். அதைத் தாண்டினால் எப்படி விழுந்தாலும் அநேகமாக இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு போவதில்லை. உப்புநீர் நாள்கணக்கில் கெட்டியாகிக்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான். பதம் வந்துவிட்டால் பாத்தி முழுக்கப் பூத்துவிடும் இல்லையா, அதுபோல ஒரு கோடு. நம் உப்பளம் சின்னது, அதனால் கோடு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்று எச்சரித்தாய். அதற்காகவே கணினியை விட்டு எல்லா வழியையும் ஒன்று விடாமல் பார்க்கச் சொன்னதாகவும், ஒன்றுகூடத் தேறவில்லை என்றும் சொன்னாய். கடல் வருவதற்கு முன்பு நாம் கோட்டுக்கு வெகு கீழே இருந்திருக்கிறோம். என் பென்சிலின் திறமை அவ்வளவுதான்.

நான் அன்று வருத்தப்படுவேன் என்று நீ நினைத்திருப்பாய். எனக்குக் கோபம் வந்தது, வாசுகி. இத்தனை நாள் அந்த ஜனங்களை ஒத்துப்போகாதவர்கள் என்று நானும் நினைத்தேனே என்கிற கோபம். மறுவாரம் சங்கக் கூட்டம். குத்தகைக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடாமல் நான் எழுந்து நின்றது என் நினைவில் அதுதான் முதல் தடவை. எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் பேசினேன்.

“இது உங்க சண்டையால வரல. நான் பாரபட்சம் பாக்கறதாலயும் வரல. இத்தனை குடும்பத்துக்கு இத்தனை அளத்துல முறை போட வழியே கிடையாது. என் பொண்ணு வெளிநாட்டுல கம்ப்யூட்டர வச்சு எல்லா வழியையும் பாத்துட்டா, யாரு வந்து போட்டாலும் வராது. மண்ணை அள்ளி அளத்தைக் கூட்டினாத்தான் உண்டு.”

குத்தகைக்காரர் சிரித்தார். இடம் பத்தாதென்று சொல்ல வெளிநாட்டுக் கம்ப்யூட்டரா வேண்டும் என்று கேட்டார். பின்னாலிருந்து தனக்கோடி சொன்னாள்: “உனக்கு வேணாம்யா. எங்களுக்கு வேணும். எங்கள சண்டக்காரிங்கன்னு நீதான சொல்லிக்கினு திரிஞ்ச?”

அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன தீர்மானம் ஆனது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இரண்டு கோஷ்டியும் சேர்ந்து கிழக்குப் பக்கத்து மணலைக் கூடை கூடையாக வாரிக் கொட்டினார்கள். எல்லா அளத்தையும் மீட்க முடியவில்லை, சிலவற்றைத்தான் முடிந்தது. மறுபடி சீட்டுப் போட்டோம். இந்தத் தடவை கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டோம், வழி இருக்கிறது என்று நீ சொன்னாய். நான் ஆசையாகப் பென்சிலை எடுத்தேன். மறுபடியும் அதே ஐந்தாறு குடும்பம். வழி இருக்கிறது என்று தெரிந்தே கிடைக்காமல் போவது, இல்லை என்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

அன்று நீ சொன்ன விளக்கத்தை நான் பலமுறை திரும்ப யோசித்திருக்கிறேன். கோட்டை நெருங்கும்போது தீர்வுகள் தீர்ந்துபோவதற்கு முன்னால் சிதறிப்போகின்றன என்றாய். ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தவை தனித்தனித் தீவுகளாகிவிடுகின்றன. ஒரு தீவுக்குள் பல அளங்கள் உறைந்துபோய் இருக்கும், அவற்றில் ஒன்றை அசைத்தால் எல்லாம் கலையும். தீவுகளுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் ‘கிட்டத்தட்டச் சரி’ என்கிற பள்ளங்கள். அதில் விழுந்தவன் எந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாலும் நிலைமை மோசமாகும். அதனால் அடியே எடுத்து வைக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். நீ கணக்கைச் சொன்னாய். எனக்கு என்னைச் சொன்னதுபோல் இருந்தது.

உன் நிரல் வேறு விதமாகப் போயிற்று. யாரையும் அது முதலில் மாற்றவில்லை, கேட்டது. கணினிக்குள்ளேயே ஒவ்வொரு குடும்பமும் தன் மூன்று அளங்களில் ஒவ்வொன்றுக்கும் ‘நீ எனக்கு எவ்வளவு அவசியம்’ என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியை எழுதும்போது அந்த அளமே உலகத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். இரண்டும் முன்முறைக்கே போகும் என்றால், நீ பின்முறைக்குப் போயே தீர வேண்டும் என்று எச்சரிக்கை. இல்லாவிட்டால் உன் இஷ்டம். ஏன் அப்படி, இருப்பதை இருப்பதாகவே வைத்துக் கேட்டால் என்ன என்றேன். “அந்த அளம் என்ன செய்யணும்னு முடிவு பண்ணத்தான் கேக்கறோம். அதையும் உள்ள வச்சிக்கிட்டுக் கேட்டா, அது ஏற்கனவே செய்யறதையே திருப்பிச் சொல்லும்பா” என்றாய். செய்திகள் போய் வந்து அடங்கியதும், மிக அதிகமாகத் தள்ளப்பட்ட அளத்தை முடிவு செய்துவிட்டு, மிச்சத்தை மறுபடி கேட்கத் தொடங்கியது.

வந்த விடையை என் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். அதில் இருந்ததில் ஏறக்குறையப் பாதி அளங்கள் தலைகீழாகியிருந்தன. இதை எப்படிச் சங்கத்தில் போய் ஒட்டுவது, அடிக்க வருவார்களே என்று வீட்டிலேயே வைத்திருந்தேன். “நீங்க போய் ஒட்டறீங்களா, நான் போய் ஒட்டட்டுமா?” என்று உன் அம்மா பசையைக் கலக்கிக் கையில் கொடுத்தாள். ஒட்டினேன். திட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் மூன்று அளத்தையும் விரல் வைத்துப் பார்த்தார்கள். திட்டு நின்றது. அந்தப் பருவம் முழுக்க ஒரு குடும்பத்துக்கும் மூன்றும் ஒன்றாக விழவில்லை.

இதைச் சொல்லி, உன் கணக்கு உப்பளத்துக்கு உதவியது, அதனால் விடாதே என்று கேட்கப்போகிறேன் என்று நினைக்காதே. உதவியிராவிட்டாலும் இதையே எழுதுவேன். உப்பு வாருவதற்குப் பயன்பட்டால்தான் உன் படிப்புக்கு மரியாதை என்று சொல்வது உன்னை அவமதிப்பது. நீ திணறும் இடத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே தீர்வு இருக்கிறது, ஆனால் போய் எடுக்க யாருக்கும் தெரியவில்லை. உன் நிரல் அதன் வாசலில் நிற்கிறது. அதற்குப் பெயர் தோல்வி என்று உனக்கு யார் சொன்னது? வாசல் வரை போனவர்களே கொஞ்சம் பேர். அங்கே நிற்பது கௌரவமான வேலை. நான் அறியாமல் பேசுகிறேனோ என்னவோ. இருந்தாலும் பேசுகிறேன்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். கீழ்புத்துப்பட்டு மாமா நல்லவர்தான். முதலில் மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாக அவர் கேட்டது, பெண் இந்தப் பக்கம் ஒரு வேலையில் இருக்க வேண்டும் என்பது மட்டும். நான் உன்னிடம் கேட்டேன், யோசிக்கிறேன் என்றாய். பிறகு இந்த வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். இது ஒன்று மட்டும் என்று கேட்டேன், சரி என்றாய். பிறகு கல்யாணத்துக்குப் பின் வெளிநாடு கிடையாது என்றார்கள். பிறகு ஆராய்ச்சி என்ற பேச்சே வேண்டாம், லெக்சரர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். “என்ன மச்சான் இவ்ளோ யோசன, பொண்ணு என்ன ராக்கெட்டா வுட்றா?” என்று மாமா கேட்டபோது நான் சிரித்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினோம், நீயும் நானும். ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டவருக்காக மாற்றினோம். நிபந்தனைகள் எத்தனை ஆயின என்று கூட்டிப் பார்க்கவே இல்லை. உப்பளத்தில் செய்ததையே உன் விஷயத்திலும் செய்திருக்கிறேன், அதுவும் அங்கே பாடம் கற்ற பிறகு.

உன் கடிதம் வந்த அன்று மாலை, உன் அம்மாவிடம் உன்னுடைய முறையில் ஒரு கேள்வி கேட்டேன். நான் இந்த வீட்டில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள், அப்போது வாசுகிக்கு என்ன சொல்வாய் என்று. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு இது என்று முறைத்தாள். கணக்குக்காகக் கேட்கிறேன் என்றேன். கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“நீங்க இல்லன்னா அவள அங்கயே இருந்து படிடீன்னு சொல்லியிருப்பேன். நீங்கதான் பயப்படறீங்க, வயசான காலத்துல எதுக்கு மனச நோவடிக்கறதுன்னு சும்மா இருந்தேன்.”

நானோ, அவளுக்குத்தான் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும், பேரப்பிள்ளை வேண்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் இல்லை என்று வைத்து என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அவள் எனக்காக, நான் அவளுக்காக, நீ எங்கள் இருவருக்காக. யாருமே கேட்காத நிபந்தனைகளை மூன்று பேரும் சுமந்திருக்கிறோம். உனக்கும் அதே கேள்விதான். நாங்கள் இருவரும் இல்லை, மாமா இல்லை, கடல் வரவும் இல்லை. அப்போது நீ என்ன செய்வாய்? அப்போதும் அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு இங்கே வரத்தான் தோன்றுகிறது என்றால் வா, பந்தல் போடுகிறேன். ஆனால் அது உன் பதிலாக இருக்க வேண்டும், எங்கள் செய்தியின் எதிரொலியாக இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். வர வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லச் சொன்னேன், அவர் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். இந்த வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும். இதுவரை நீங்கள் கேட்டு நான் ஒப்புக்கொண்ட எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன், என் மகள் அவள் படிப்பை முடிப்பாள், உங்கள் பையனுக்கு அவளைக் கட்ட விருப்பமென்றால் அவளையே நேரில் கேட்கட்டும் என்று சொல்லப்போகிறேன். வாசலிலேயே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வந்தவர்களை நிற்க வைத்தா பேசுவது, உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறாள் உன் அம்மா. அதுவும் சரிதான். அவர்களுக்குக் காபி உண்டு, சம்மதம் இல்லை. நடுவில் எனக்கு வார்த்தை மறந்து போகும். மறந்தால் முதலிலிருந்து மறுபடி சொல்வேன்.

உன் அப்பா